வட்டி ஏறும் காலத்தில் அவசரப் பணத்தை எங்கே வைப்பது?

எந்த வங்கியின் சேமிப்புக் கணக்கில் வட்டி அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால் உங்கள் கவலை வேறு என்று தெரிகிறது. நீங்கள் திருப்பூரில் வேலை செய்கிறீர்கள். அப்பா, 68 வயது, இதய அறுவை சிகிச்சை முடிந்து கரூரில் இருக்கிறார். அவருக்காக என்று ஒதுக்கிய 6 லட்சம் ரூபாய் ஒரு பொதுத்துறை வங்கியின் சேமிப்புக் கணக்கில் 2.70 சதவீத வட்டிக்குக் கிடக்கிறது. ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போகிறது என்று செய்தியில் பார்க்கிறீர்கள். நண்பர், 7 சதவீதம் தரும் சிறுநிதி வங்கிக்கு (ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்க்) மாற்றிவிடு என்கிறார். அண்ணன், பொறு, நம் வங்கியும் ஏற்றும் என்கிறார். ஆக, நினைத்த நேரத்தில் எடுக்கும்படி இருக்க வேண்டிய பணத்துக்கு இந்த நிலைமையில் நியாயமான வருமானம் கிடைக்க வழி உண்டா, அதற்காக எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் பொதுத்துறை வங்கிக் கிளைகளில் பெரும்பாலும் டெபாசிட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்கு விதிகளும் கவுன்டரில் நடப்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். வரி விஷயத்தில் பொது விதிகளை மட்டும் சொல்கிறேன். உங்கள் சொந்தக் கணக்குக்கு ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது 2023 ஏப்ரலில் எழுதிய பதில். கீழே வரும் வட்டி எண்கள், வரம்புகள், வரி விதிகள் எல்லாம் அன்றைய நிலவரம்; 'இப்போது' என்று வருவதும் அந்த மாதத்தையே குறிக்கும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேமிப்புக் கணக்கின் வட்டி ஏறும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 2022 மே 4 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக்கியது. பிறகு ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர், டிசம்பர், 2023 பிப்ரவரி என்று அடுத்தடுத்து ஏற்றி 6.50-இல் கொண்டுவந்து நிறுத்தியது. மொத்தம் 2.50 சதவீதப் புள்ளி. இதே காலத்தில் ஸ்டேட் வங்கியின் ஓராண்டு டெபாசிட் வட்டி 5.10-இலிருந்து 6.80 ஆனது. வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்குத் தவணையோ, கட்ட வேண்டிய மாதங்களோ கூடிவிட்டன. சாதாரண சேமிப்புக் கணக்கு? 2022 மேயிலும் 2.70, 2023 ஏப்ரலிலும் 2.70. 10 கோடிக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 3 சதவீதம். எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ போன்ற பெரிய தனியார் வங்கிகளிலும் அப்போது 50 லட்சத்துக்குக் கீழே 3 சதவீதம்தான்.

இதற்குக் காரணம் உண்டு. 2019 அக்டோபர் முதல் புதிய வீட்டுக் கடன்களின் மாறும் வட்டியை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதனால் ரெப்போ ஏறினால் கடன் வட்டி தானாக ஏறும். சேமிப்புக் கணக்குக்கு அப்படி எந்த உத்தரவும் இல்லை. 2011 அக்டோபர் 25 வரை அந்த வட்டியை ரிசர்வ் வங்கியே நிர்ணயித்தது; அன்றிலிருந்து வங்கிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. 1 லட்சம் வரை எல்லோருக்கும் ஒரே வட்டி, அதற்கு மேல் தொகையைப் பொறுத்து வங்கி மாற்றிக்கொள்ளலாம் என்பதே விதி. சம்பளமும் ஓய்வூதியமும் வந்து விழும் கணக்கை யாரும் அரை சதவீதத்துக்காக மாற்றுவதில்லை என்பது வங்கிக்குத் தெரியும். வங்கிக்குக் கிடைப்பதிலேயே மலிவான பணம் அதுதான். அதற்கு விலையைக் கூட்ட எந்த மேலாளரும் முன்வர மாட்டார்.

ஒரு வங்கி இணைத்துப் பார்த்ததும் உண்டு. 2019 மே மாதம் ஸ்டேட் வங்கி, 1 லட்சத்துக்கு மேற்பட்ட சேமிப்பு இருப்புக்கு 'ரெப்போவில் 2.75 கழித்தது' என்று வட்டியை நிர்ணயித்தது. அன்று ரெப்போ 6 சதவீதம், வட்டி 3.25. பிறகு ரெப்போ தொடர்ந்து சரிந்தது, அந்த ஏற்பாடும் கைவிடப்பட்டது. 2020 மார்ச்சில் எல்லாத் தொகைக்கும் ஒரே 3 சதவீதம், அந்த மே இறுதியில் 2.70. ரெப்போ 4-க்கு இறங்கிக் கிடந்த காலத்தில் அந்தக் கணக்குப்படி 1.25 மட்டுமே கிடைத்திருக்கும், ஆகவே கைவிட்டதால் அப்போது வாடிக்கையாளருக்கு லாபம். 2023 ஏப்ரலில் அதே கணக்குப்படி 3.75 கிடைத்திருக்க வேண்டும். உங்கள் அண்ணனிடம் இந்த எண்களைக் காட்டுங்கள்.

இனி நண்பர் சொல்லும் 7 சதவீதம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் வட்டி பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேலே உள்ள பகுதிக்கு மட்டுமே. உதாரணத்துக்கு ஒரு வங்கி 1 லட்சம் வரை 3.5, 1 முதல் 5 லட்சம் வரை 5, அதற்கு மேல் 7 என்று அடுக்கு வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 6 லட்சத்தில் முதல் லட்சத்துக்கு 3,500 ரூபாய், அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, கடைசி லட்சத்துக்கு 7,000. மொத்தம் 30,500. அதாவது 5.08 சதவீதம். இப்போது கிடைக்கும் 16,200-ஐவிட இது 14,300 ரூபாய் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நண்பர் மனதில் இருக்கும் 42,000 இது இல்லை. மேலும், அவசரத்துக்காக 2 லட்சம் எடுத்துவிட்டால் மிச்சப் பணத்தில் 7 சதவீத அடுக்கு என்று ஒன்றே இருக்காது. எந்த வங்கியாக இருந்தாலும், 'என் மொத்த இருப்புக்கும் 7-ஆ, மேலே உள்ள பகுதிக்கு மட்டுமா' என்று கேட்டு, அவர்களுடைய வட்டி அட்டவணையை நீங்களே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, அது குறைந்தால் அபராதம் எவ்வளவு என்றும் பாருங்கள். அவசரப் பணம் என்றைக்காவது அடிமட்டத்துக்கு வரும் பணம். அந்த மாதத்தில் அபராதமும் சேர்ந்து விழக் கூடாது.

பாதுகாப்பைப் பற்றிக் கரூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1926-இல் உங்கள் ஊரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 17 மாலை தடைக்காலத்துக்குள் போனது. கணக்குக்கு 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். மருத்துவம் போன்ற காரணங்களுக்கு விலக்குக் கேட்க வழி வைத்திருந்தார்கள் என்றாலும், ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவருக்கு விண்ணப்பம் எழுத ஏது நேரம்? நவம்பர் 27 அன்று டிபிஎஸ் வங்கியோடு இணைத்தார்கள், டெபாசிட்காரர்கள் யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. பத்து நாள் மட்டும் பணம் கைக்கு எட்டவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கிக்கு 50,000 ரூபாய் வரம்பு போட்டு, மார்ச் 18 அன்று நீக்கினார்கள். மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கிக்கு நடந்தது இன்னும் மோசம். 2019 செப்டம்பரில் முதலில் அனுமதித்தது வெறும் 1,000 ரூபாய். 2022 ஜனவரியில் யூனிட்டி சிறுநிதி வங்கியோடு இணைத்தபோது 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களின் மிச்சத் தொகையைப் பல ஆண்டுகளில் பிரித்துத் தருவதாகத் திட்டம் போட்டார்கள். பெரிய தொகைகளுக்கு அது பத்து ஆண்டு வரை நீள்கிறது.

டெபாசிட் காப்பீடு 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம். அதற்கு முன் 1 லட்சம்தான். அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம். அதே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் உள்ள சேமிப்பு, எஃப்டி எல்லாம் சேர்த்து ஒரே கணக்கு. உங்கள் பெயரில் தனியாக உள்ளதும், நீங்களும் அப்பாவும் கூட்டாக வைத்திருப்பதும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். சிறுநிதி வங்கிகளுக்கும் இதே காப்பீடு உண்டு, அதனால் அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 2021 சட்டத் திருத்தத்தின்படி, ஒரு வங்கி தடைக்குள் போனால் காப்பீட்டுத் தொகை 90 நாளுக்குள் கைக்கு வர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் 90 நாள் என்பது உங்கள் தேவைக்கு மிக நீண்ட காலம். ஆகவே, எவ்வளவு நல்ல வங்கியானாலும் அவசரப் பணம் முழுவதையும் ஒரே வங்கியில் வைக்காதீர்கள் என்பேன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும் 'நிதி' நிறுவனங்களுக்கும் இந்தக் காப்பீடு அறவே கிடையாது. ஊரில் தெரிந்தவர் நடத்துகிறார் என்று அங்கே இந்தப் பணத்தைப் போட வேண்டாம்.

வட்டியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உங்கள் கேள்வியில் இல்லை. நினைத்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்கிறீர்கள், ஆனால் யார் எடுப்பது? இரவு இரண்டு மணிக்கு அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நீங்கள் திருப்பூரில் இருப்பீர்கள், அம்மாவோ அண்ணனோ கரூரில் கூட இருப்பார்கள். கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. யுபிஐ-யில் 2023 ஏப்ரல் நிலவரப்படி ஒரு நாளைக்குப் பொதுவாக 1 லட்சம்தான். டெபிட் கார்டுக்கு வங்கி வைத்திருக்கும் தினசரி வரம்பு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்பும் முறைகளான என்இஎஃப்டி 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் 24 மணி நேரமும் நடக்கின்றன. ஆனால் புதிதாகச் சேர்க்கும் கணக்குக்கு முதல் நாளிலேயே பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடுவதில்லை. அப்பா வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியின் வங்கிக் கணக்கைக் கேட்டு வாங்கி இப்போதே பயனாளியாகச் சேர்த்துவையுங்கள். கார்டு வரம்பைச் செயலியில் போய் உயர்த்திவையுங்கள். கணக்கை அம்மாவோடு சேர்த்து 'எய்தர் ஆர் சர்வைவர்' முறையில், இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும்படி கூட்டுக் கணக்காக்கி, இரண்டாவது கார்டை அம்மா கையில் கொடுங்கள்.

கூட்டு எஃப்டி-யில் ஒரு சிக்கல் இருக்கிறது. கவுன்டரில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. கணவன், மனைவி பெயரில் 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று போட்ட டெபாசிட். கணவர் ஐசியு-வில். மனைவி ரசீதோடு ஓடி வருவார், உடைத்துக் கொடுங்கள் என்று. முதிர்ந்த பிறகு வாங்கத்தான் ஒருவர் கையெழுத்துப் போதும். முதிர்வுக்கு முன்னால் உடைக்க, தனியாக எழுதிக் கொடுத்த ஒப்புதல் இல்லாவிட்டால், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நினைவில்லாமல் கிடப்பவரிடம் கையெழுத்துக்கு எங்கே போவது? டெபாசிட் போடும் அன்றே படிவத்தில் அந்த ஒப்புதலைக் கேட்டு எழுதிவிட்டால் இது வராது. கவுன்டரில் யாரும் தாமாக எடுத்துச் சொல்வது அபூர்வம்.

இந்தச் சிக்கல் இல்லாமல் வட்டியும் கிடைப்பது ஸ்வீப் வசதியில். ஆட்டோ ஸ்வீப் என்பார்கள். ஸ்டேட் வங்கியில் எம்ஓடி. சேமிப்புக் கணக்கில் நீங்கள் சொன்ன அளவுக்கு மேல் இருப்பது தானாக டெபாசிட் ஆகும். கார்டு தேய்த்தாலும் காசோலை கொடுத்தாலும் குறைகிற தொகைக்கு மட்டும் டெபாசிட்டைத் தானே உடைத்துக்கொள்ளும். ஆயிரம் ஆயிரமாக உடையும், மீதி அப்படியே நிற்கும். இரவு இரண்டு மணிக்கும் நடக்கும். உடைத்தால் நஷ்டம் எவ்வளவு என்பதுதான் எல்லோருக்கும் பயம், அதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

2023 ஏப்ரல் மாத ஸ்டேட் வங்கி அட்டவணைப்படி 7 முதல் 45 நாளுக்கு 3 சதவீதம், 46 முதல் 179 நாளுக்கு 4.50, ஓராண்டுக்கு 6.80. முன்கூட்டி உடைத்தால் பணம் கிடந்த காலத்துக்கு உரிய வட்டியில் அரை சதவீதம் கழிப்பார்கள். ஓராண்டுக்குப் போட்டதில் 50,000 ரூபாயை 60-ஆம் நாள் எடுக்கிறீர்கள் என்றால் 4 சதவீதக் கணக்கில் சுமார் 329 ரூபாய் கிடைக்கும். சேமிப்புக் கணக்கிலேயே கிடந்திருந்தால் 222. அபராதம் போகவும் நூறு ரூபாய்க்கு மேல் லாபம். 30-ஆம் நாளே எடுத்தால் 103-க்கு எதிராக 111, எட்டு ரூபாய் நஷ்டம். ஏழு நாளுக்குள் எடுத்தால் வட்டியே கிடையாது. ஓராண்டு தொடாமல் இருந்த பகுதிக்கு முழு 6.80. ஆகவே அடிக்கடி உள்ளே வெளியே போகும் வீட்டுச் செலவுப் பணத்துக்கு ஸ்வீப் உதவாது. உங்களுடையதைப் போல எப்போதாவது ஒருமுறை தேவைப்படும் பணத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வங்கியில் வேறில்லை.

ஸ்வீப் போடும்போது காலத்தை ஓராண்டு என்று நீங்களே குறிப்பிட்டுச் சொல்லுங்கள். வட்டி, டெபாசிட் ஆன அன்றைய அட்டவணைப்படி நின்றுவிடும். பிறகு வங்கி ஏற்றினாலும் உங்களுக்கு ஏறாது. ஐந்தாண்டுக்கு என்று யாராவது போட்டுவைத்தால், ஏறும் காலத்தில் பழைய வட்டியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஓராண்டு என்றால் முதிர்ந்து புதுப்பிக்கும்போது அன்றைய வட்டி கிடைக்கும். இன்னும் நல்லது, மொத்தத்தையும் ஒரே நாளில் போடாமல் மூன்று மாத இடைவெளியில் மூன்று, நான்கு பங்காகப் போடுவது. எந்தப் பங்கு முதலில் உடைய வேண்டும் என்றும் கேளுங்கள். கடைசியாகப் போட்டது முதலில் உடைவதே பெரும்பாலும் நமக்கு நல்லது, ஏனென்றால் பல மாதம் ஓடிய டெபாசிட் கலையாமல் முழு வட்டிக்குப் போய்ச் சேரும்.

அடுத்தது லிக்விட் ஃபண்ட். 91 நாளுக்குள் முதிரும் அரசுக் கருவூலப் பத்திரம், வங்கிகளின் குறுகிய காலப் பத்திரம் போன்றவற்றில் மட்டும் முதலீடு செய்யும் பரஸ்பர நிதி இது. வட்டி ஏறும் காலத்தில் இது தானாகவே ஏறும். பழைய பத்திரங்கள் சில வாரங்களில் முதிர்ந்து, அந்தப் பணம் புதிய வட்டிக்குப் போகிறது. 91 நாள் கருவூலப் பத்திரத்தின் வட்டி 2022 தொடக்கத்தில் 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தது, 2023 ஏப்ரலில் 6.5-ஐத் தாண்டிவிட்டது. லிக்விட் ஃபண்டின் வருமானமும் அதன் பின்னாலேயே வந்திருக்கிறது. ஆனால் 2021-இல் இதே ஃபண்டுகள் 3 சதவீதத்தைச் சுற்றியே கொடுத்தன என்பதையும் நினைவில் வையுங்கள். ஏறினதுபோல இறங்கவும் செய்யும்.

வங்கி டெபாசிட் போல இதற்குக் காப்பீடு கிடையாது, வருமானத்துக்கு உத்தரவாதமும் கிடையாது. விற்றால் அடுத்த வேலைநாளில்தான் பணம் வரும். வெள்ளி இரவு விற்றால் திங்கள், செவ்வாய் ஆகிவிடும். சில ஃபண்டுகளில் உடனடியாக எடுக்கும் வசதி உண்டு, அதுவும் நாளுக்கு 50,000 ரூபாய் அல்லது முதலீட்டில் 90 சதவீதம், எது குறைவோ அது. முதல் 6 நாளுக்குள் விற்றால் வெளியேறும் கட்டணம் உண்டு. 2 லட்சத்துக்கு 14 ரூபாய்க்கு மேல் போகாது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியபோது பலர் மிரண்டு போனார்கள். அந்த ஆறில் லிக்விட் ஃபண்ட் எதுவும் இல்லை; கூடுதல் வட்டிக்காகத் தரம் குறைந்த பத்திரங்களை வாங்கிய வேறு வகைகள் அவை. ஆகவே லிக்விட் ஃபண்டுக்குள்ளும் 'அதிக வருமானம்' என்று பட்டியலில் முதலில் நிற்பதைத் தேடாதீர்கள். பெரிய நிறுவனத்தினுடையதும் செலவு விகிதம் குறைந்ததுமான டைரக்ட் திட்டம் (இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக வாங்குவது) போதும்.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு 4 சதவீதம் தருகிறது, மத்திய அரசே பொறுப்பு. பாதுகாப்பில் இதற்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் மாதத்தின் 10-ஆம் தேதி முடிவிலிருந்து கடைசி நாள் வரை உள்ள மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. வங்கிகள் 2010 ஏப்ரலிலிருந்து தினசரி இருப்புக்குக் கணக்கிடுகின்றன. 20-ஆம் தேதி 2 லட்சம் எடுத்தால் அந்த 2 லட்சத்துக்கு அந்த மாத வட்டி போச்சு. கிராமத்தில் வங்கி தூரமாக இருப்பவர்களுக்கு நல்லது, உங்கள் தேவைக்கு இரண்டாம்பட்சம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 6 லட்சத்தை இப்படிப் பிரிப்பேன். 1 லட்சம் இப்போதைய கணக்கில் வெறுமனே கிடக்கட்டும். சேர்க்கையின்போது கேட்கும் முன்பணத்துக்கு அது. 3 லட்சம் அதே கணக்கோடு இணைந்த ஸ்வீப்பில், ஓராண்டுக் காலத்துக்கு. மிச்சம் 2 லட்சம் வேறிடத்தில்: ஃபண்ட் உங்களுக்குப் பழக்கம் என்றால் லிக்விட் ஃபண்டில், இல்லையென்றால் இரண்டாவது வங்கியில், அது சிறுநிதி வங்கியாகவே இருக்கட்டும். எதையும் உடைக்காமல் ஓர் ஆண்டு போனால் 2,700, 20,400, ஃபண்டில் 6.5 சதவீதம் என்று வைத்தால் 13,000, ஆக மொத்தம் 36,000 ரூபாய்ச் சுற்று. ஃபண்ட் எண் என் அனுமானம். பாதியில் ஒரு முறை எடுக்க நேர்ந்தாலும் இப்போது வரும் 16,200-க்குக் கீழே போக வாய்ப்பு குறைவு. எல்லாவற்றையும் நண்பர் சொன்ன ஒரே கணக்கில் போட்டால் என் உதாரணப்படி 30,500. இந்தப் பிரிவில் வட்டி அதைவிடக் குறையவில்லை, பணமும் இரண்டு இடத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றும் 5 லட்சத்துக்குள்.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். 2023-இல் இருந்த விதிப்படி, பழைய வரி முறையில் சேமிப்புக் கணக்கின் வட்டியில் ஆண்டுக்கு 10,000 வரை 80டிடிஏ பிரிவில் கழிவு உண்டு. ஸ்வீப் வட்டி எஃப்டி வட்டியாகவே கருதப்படும், அதற்கு இந்தக் கழிவு இல்லை. புதிய முறையில் இரண்டுக்குமே இல்லை. லிக்விட் ஃபண்ட் லாபத்துக்கும், 2023 ஏப்ரல் 1 முதல் போட்டதென்றால், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் உங்கள் வருமான வரி விகிதமே. நீங்கள் 30 சதவீத வரம்பில் இருந்தால் 6.80 என்பது கையில் 4.70 ஆகிவிடும். 2023 மார்ச் மாத விலைவாசி உயர்வு 5.66 சதவீதம். அதாவது அவசரப் பணத்தால் விலைவாசியை வெல்ல முடியாது. அதை எதிர்பார்த்து ஆபத்தான இடத்துக்குப் போகாதீர்கள்.

அப்பாவுக்கு வேறு வருமானம் அதிகம் இல்லையென்றால் அவர் பெயரில் போடலாம் என்று பலர் சொல்வார்கள். மூத்த குடிமக்களுக்கு எஃப்டி-யில் அரை சதவீதம் கூடுதல், பழைய முறையில் 80டிடிபி-யில் 50,000 வரை கழிவு, வரி கட்ட வேண்டிய வருமானம் இல்லை என்று 15எச் படிவம் கொடுத்தால் டிடிஎஸ் (வட்டியிலிருந்து வங்கியே பிடிக்கும் வரி) பிடித்தமும் இல்லை. மகன் பெற்றோருக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி கிடையாது, அதில் வரும் வட்டி உங்கள் வருமானத்தோடும் சேராது. எல்லாம் சரி. ஆனால் கொடுத்த பிறகு அது அவர் பணம். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் உரிமை உள்ளவர் மட்டுமே. பிறகு அது வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. அண்ணனோடு உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிட்டுச் செய்யுங்கள். இதைப் பேசாமல் விட்டுப் பின்னால் கவுன்டரில் முகம் பார்க்காமல் நின்ற சகோதரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி வட்டி இன்னும் ஏறுமா? இதற்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. 2023 ஏப்ரல் 6 கூட்டத்தில் ரிசர்வ் வங்கி ஏற்றாமல் நிறுத்தியது, தேவைப்பட்டால் மீண்டும் ஏற்றுவோம் என்றும் சொன்னது. என் கணிப்பு, ஏறினாலும் இனி அதிகம் ஏறாது என்பது. கணிப்பு என்பதற்கு மேல் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம். மேலே சொன்ன பிரிவு அதை நம்பியும் இல்லை. ஏறினால் லிக்விட் ஃபண்ட் சில வாரங்களில் ஏறும், ஸ்வீப் அடுத்த முதிர்வில் ஏறும். இறங்கினால் ஸ்வீப் பங்குகள் அவற்றின் ஓராண்டு முடியும் வரை பழைய வட்டியைக் காப்பாற்றும். வங்கிகள் விளம்பரம் செய்யும் சிறப்பு டெபாசிட்டுகள், 2023-இல் ஸ்டேட் வங்கி 400 நாளுக்கு 7.10 சதவீதம் கொடுத்தது போன்றவை, நல்லவைதான். அவற்றை இந்த 6 லட்சத்துக்கு வெளியே உள்ள சேமிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வங்கி கால் சதவீதம் ஏற்றியது என்று கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். 6 லட்சத்துக்குக் கால் சதவீதம் ஆண்டுக்கு 1,500 ரூபாய். அதற்காகப் புதிய கணக்கு, புதிய கார்டு, புதிய பயனாளிகள், அம்மாவுக்குப் புதிய பின் நம்பர் என்று குழப்பிக்கொண்டால், தேவைப்படும் இரவில் எது எங்கே என்று தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அட்டவணையைப் பாருங்கள். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கு மேல் போனால் மட்டும் யோசியுங்கள்.

வரும் வாரம் கிளைக்குப் போகும்போது அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். கூட்டுக் கணக்காக்க அவருடைய ஆதார், பான், புகைப்படம் வேண்டும். ஸ்வீப் விண்ணப்பத்தில் காலம், குறைந்தபட்ச இருப்பு, எந்தப் பங்கு முதலில் உடைய வேண்டும் என்ற மூன்று இடத்தையும் காலியாக விடாமல் நீங்களே நிரப்புங்கள். எல்லாம் அமைந்த பிறகு, சேமிப்பு இருப்பைவிட ஆயிரம் ரூபாய் கூடுதலாக ஒரு தொகையை அம்மாவின் கார்டால் ஏதாவது ஒரு கடையில் செலுத்திப் பாருங்கள். பணம் போய்விட்டால் ஸ்வீப் சரியாக உடைகிறது என்று அர்த்தம். போகவில்லை என்றால், ரசீதையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு மறுநாளே கிளைக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள்.